தசையைத் தொட்டதா, இல்லையா?

சிறுநீரில் ரத்தத்தைப் பார்த்தால் யாருக்கும் பகீரென்றுதான் இருக்கும். ஆனால் வலி எதுவும் இல்லாமல் வந்த ரத்தம் ஒன்றிரண்டு நாளில் தானாகவே நின்றுவிட்டால், அந்தப் பயமும் கூடவே போய்விடுகிறது. தண்ணீர் சரியாகக் குடிக்கவில்லை போல என்று நமக்கு நாமே ஒரு காரணம் சொல்லிக்கொள்கிறோம். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வளர இடம் கிடைப்பது இங்கேதான். கட்டி உள்ளேயே இருக்கும். ரத்தம் மட்டும் விட்டுவிட்டு வரும். மறுபடி தலைகாட்ட வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். இடையில் சிறுநீரைப் பரிசோதித்தால் எல்லாம் சரியாக இருப்பதாகவே ரிப்போர்ட் வரலாம்.

என் அக்காவுக்கு இந்த நோய் வந்தது. இப்போது சிகிச்சை முடிந்து தொடர் கண்காணிப்பில் இருக்கிறாள். அவளோடு மருத்துவமனைகளில் உட்கார்ந்திருந்த நாட்களில் ஒன்று எனக்கு நன்றாகப் புரிந்தது. இந்த நோயில் எல்லா முடிவுகளும் ஒரே கேள்வியைச் சுற்றித்தான் இருக்கின்றன: கட்டி சிறுநீர்ப்பையின் தசையைத் தொட்டிருக்கிறதா, இல்லையா? அதற்கு நம்பகமான பதில் கிடைக்கும்வரை பெரிய சிகிச்சை எதையும் முடிவு செய்யக் கூடாது. அந்தப் பதிலைச் சொல்பவர் இந்த நோயைத் தினமும் பார்க்கிற ஒருவராக இருக்க வேண்டும். இதைச் சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

அக்காவுக்கு முதலில் ரத்தம் வந்தபோது அது நீர்க்கடுப்பு என்று சொல்லி ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். நின்றது. அப்புறம் மறுபடி வந்தது, மறுபடி மாத்திரை. வேறு மருத்துவர், வேறு மாத்திரை. மாதவிடாய் நிற்கிற வயது என்பதால் அதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. பின்னாளில் அவளுடைய ஃபைலைத் தேதிவாரியாக அடுக்கும்போது கவனித்தேன்: எடுத்த எல்லா யூரின் கல்ச்சரிலும் 'கிருமி வளர்ச்சி இல்லை' என்றுதான் இருந்தது. கிருமியே இல்லாத தொற்றுக்கு அவள் மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டிருக்கிறாள். அந்தத் தாள்கள் ஒவ்வொன்றிலும் ஒரு மருத்துவரின் கையெழுத்து இருந்தது. இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

இது அவளுக்கு மட்டும் நடந்ததல்ல. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பெண்களைவிட ஆண்களுக்கு மூன்று நான்கு மடங்கு அதிகமாக வருகிறது. அதனாலேயே ஒரு பெண்ணுக்கு ரத்தம் வந்தால் மருத்துவரின் மனதில் தொற்றுதான் முதலில் வருகிறது. விளைவு, பெண்களுக்கு நோய் முற்றிய பிறகு கண்டுபிடிக்கப்படுவது அதிகம். கல்ச்சரில் கிருமி இல்லையென்றால், அல்லது மாத்திரை முடிந்த பிறகும் ரத்தம் வந்தால், "அப்படியானால் இந்த ரத்தம் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டே ஆக வேண்டும்.

பெரியவர்கள் யாருக்காவது கண்ணுக்குத் தெரியும்படி சிறுநீரில் ரத்தம் வந்தால், ஒரே ஒரு முறை வந்திருந்தாலும், இரண்டு சோதனைகள் தேவை. ஒன்று, சிறுநீர்ப்பைக்குள் கேமராவை விட்டுப் பார்க்கும் சிஸ்டோஸ்கோபி. இன்னொன்று, சிறுநீரகங்களையும் அங்கிருந்து இறங்கும் குழாய்களையும் பார்க்கிற ஸ்கேன், பெரும்பாலும் சி.டி. யூரோகிராம். வயிற்றில் எடுக்கும் சாதாரண அல்ட்ராசவுண்டில் ஒன்றும் இல்லை என்று வந்தால் அதோடு நிம்மதியாகிவிடக் கூடாது. சின்னக் கட்டியை அது தவறவிடும். தட்டையாகப் படர்ந்திருக்கும் சி.ஐ.எஸ். என்ற வகையை அதில் பார்ப்பதே கடினம். சிறுநீரில் புற்றணுக்களைத் தேடும் சைட்டாலஜி வீரியமான கட்டிகளை நன்றாகப் பிடிக்கும், வீரியம் குறைந்தவற்றை அடிக்கடி விட்டுவிடும். ரத்தத்தை நீர்க்க வைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் "மருந்தால் வந்த ரத்தம்தான்" என்று ஒதுக்கிவிடுவது உண்டு. அவர்களுக்கும் இதே சோதனைகள் செய்ய வேண்டும் என்பதுதான் மருத்துவ வழிகாட்டுதல். மருந்து கசிவை அதிகப்படுத்தியிருக்கலாம். கசிகிற இடம் ஒன்று அங்கே இருக்கிறதா என்பது தனிக் கேள்வி.

சிஸ்டோஸ்கோபிக்கு அக்கா ரொம்பப் பயந்தாள். மரத்துப்போகும் ஜெல்லைத் தடவி, வளையக்கூடிய மெல்லிய குழாயை உள்ளே விட்டார்கள். சில நிமிடங்களில் முடிந்தது. எரிச்சல் இருந்தது, வலி என்று சொல்ல முடியாது என்றாள். மருத்துவர் திரையை அவள் பக்கம் திருப்பி, "இதோ பாருங்கம்மா" என்று காட்டியிருக்கிறார். உள்ளே நிரப்பியிருந்த தண்ணீரில், பாசி போல மெல்லிய இழைகளாக ஆடிக்கொண்டிருந்ததாம் அந்தக் கட்டி. "பார்க்க அசிங்கமாவே இல்லடி" என்று வெளியே வந்ததும் என்னிடம் சொன்னாள். அதன் பக்கத்தில் கொஞ்சம் சிவந்த ஒரு திட்டும் இருந்திருக்கிறது. அதைப் பற்றி அன்று யாரும் எதுவும் சொல்லவில்லை.

இந்த இடத்தில் சிறுநீர்ப்பையின் சுவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உள்ளே சிறுநீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய உள்தோல். அதற்கு அடியில் ரத்தக்குழாய்கள் ஓடும் இணைப்புத் திசு. அதற்கும் வெளியே தடித்த தசை. சுருங்கிச் சிறுநீரை வெளியேற்றுவது அதுதான். கடைசியில் கொழுப்பு. பத்தில் ஒன்பது சிறுநீர்ப்பைப் புற்றுநோய்கள் அந்த உள்தோலில் தொடங்குகின்றன. உள்தோலோடு நின்றால் டி.ஏ., இணைப்புத் திசுவுக்குள் இறங்கினால் டி1, தசைக்குள் நுழைந்தால் டி2, கொழுப்பு வரை போனால் டி3, பக்கத்து உறுப்புகளுக்குப் போனால் டி4. கண்டுபிடிக்கும்போது நான்கில் மூன்று பேருக்குத் தசையைத் தொடாத நிலையில்தான் நோய் இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்குச் சிறுநீர்ப்பையை வைத்துக்கொண்டே சிகிச்சை செய்ய முடியும். தசைக்குள் போய்விட்டால் சிகிச்சையின் பாதையே வேறு.

எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும்? ஸ்கேன் ஓரளவு சொல்லும். உறுதியாகச் சொல்வது டி.யூ.ஆர்.பி.டி. என்ற அறுவை சிகிச்சை. வயிற்றைக் கிழிப்பதில்லை. சிறுநீர் வரும் வழியாகவே கருவியை விட்டு, கட்டியைச் சுரண்டி எடுத்து, பயாப்ஸிக்கு அனுப்புகிறார்கள். கட்டியை மட்டும் எடுத்தால் போதாது, அதன் அடியிலுள்ள தசையிலும் கொஞ்சம் எடுத்து அனுப்ப வேண்டும். இதே அறுவை சிகிச்சை நோயின் நிலையைக் கண்டுபிடிப்பதாகவும் இருக்கிறது, முதல் சிகிச்சையாகவும் இருக்கிறது. சின்ன ஆபரேஷன், மறுநாள் வீட்டுக்குப் போய்விடலாம் என்று சொல்வார்கள். அதை வைத்து லேசாக நினைத்துவிடக் கூடாது. செய்கிறவரின் கை எவ்வளவு தேர்ந்தது என்பதைப் பொறுத்து முடிவு மாறும். தசை கிடைத்ததா, கட்டி முழுதாக வந்ததா, பக்கத்திலிருந்த சிவந்த திட்டையும் எடுத்துப் பார்த்தார்களா என்று எல்லாமே அதில் இருக்கிறது.

அக்காவின் பயாப்ஸி ரிப்போர்ட் இரண்டு பக்கம். வீரியம் அதிகமான வகை, டி1 என்று இருந்தது. கீழே ஒரே வரி: 'அனுப்பப்பட்ட திசுவில் தசை காணப்படவில்லை.' அத்தான் அதைப் படித்துவிட்டு, "தசைக்குப் போகலைன்னு போட்டிருக்கு, பரவாயில்லை" என்றார். முதலில் எனக்கும் அவர் சொன்னது சரியென்றே பட்டது. ஆனால் நிதானமாகப் படித்தால் அந்த வரி சொல்வது வேறு. தசை ஆரோக்கியமாக இருக்கிறது என்று அது சொல்லவில்லை. பார்ப்பதற்குத் தசையே வரவில்லை என்கிறது. தசையைப் பார்க்காமல் நோய் தசைக்குப் போகவில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

அந்த மருத்துவமனையில் உடனே சிறுநீர்ப்பைக்குள் மருந்து செலுத்தத் தொடங்கலாம் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. இன்னொரு இடத்தில் காட்டலாம் என்றேன். "டாக்டர் தப்பா எடுத்துக்க மாட்டாரா?" என்றாள் அக்கா. கொஞ்ச நேரம் கழித்து, "நாள் தள்ளிப் போயிடாதா?" என்றாள். இரண்டாவது கேள்விதான் சரியான கேள்வி.

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். இன்னொரு கருத்து கேட்பது எந்த நல்ல மருத்துவருக்கும் புதிதல்ல. தேவையான காகிதங்களை அவர்களே எடுத்துக் கொடுப்பார்கள். கோபித்துக்கொள்கிறவர் என்றால் அதுவே வேறு இடம் போக ஒரு காரணம். இரண்டாவது கேள்விக்கு: ஆமாம், நாள் முக்கியம். நோய் தசைக்குள் போனவர்களுக்கு, கண்டுபிடித்த பிறகு உரிய சிகிச்சை தொடங்காமல் மூன்று மாதத்துக்கு மேல் போனால் பலன் குறைகிறது. அதனால் இரண்டாவது கருத்தைக் கேட்க வேண்டும், ஆனால் விரைந்து கேட்க வேண்டும். ஓரிரு வாரத்துக்குள் முடிகிற வேலை அது. பத்து மருத்துவர்களைப் பார்ப்பதில் பயனில்லை. சரியான ஒருவரைப் பார்த்தால் போதும்.

சரியானவர் யார்? சிறுநீரகவியல் மருத்துவர்களில் பலர் கல், புராஸ்டேட், தொற்று என்று எல்லாவற்றையும் பார்ப்பவர்கள். அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் சிறுநீர்ப்பைப் புற்றுநோயை வாரம் முழுக்கப் பார்க்கிறவர் தனி. அவரை யூரோ ஆன்காலஜிஸ்ட் என்பார்கள். அவரோடு கீமோ கொடுக்கும் மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர், ஸ்கேன் படிப்பவர், பயாப்ஸி படிப்பவர் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து உங்கள் கேஸைப் பேசுகிற இடம் இருந்தால் அங்கே போங்கள். சிறுநீர்ப்பையை அகற்றும் ஆபரேஷன் என்று வந்தால் இது இன்னும் முக்கியம். அதை அதிகமாகச் செய்யும் மருத்துவமனைகளில் ஆபரேஷனை ஒட்டிய உயிரிழப்பு குறைவு என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்ட உண்மை. "இந்த ஆபரேஷனை வருஷத்துக்கு எத்தனை பேருக்குச் செய்றீங்க டாக்டர்?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

நாங்கள் போன இடத்தில் அந்த மருத்துவர் முதலில் ரிப்போர்ட்டைக்கூடப் படிக்கவில்லை. பயாப்ஸி ஸ்லைடுகளை வாங்கித் தங்கள் பேத்தாலஜிஸ்டிடம் கொடுத்தார். சி.டி. படங்களைத் தானே திரையில் ஓட்டிப் பார்த்தார். பிறகு அக்காவிடம், "டி1 என்றால் நாங்கள் இன்னொரு முறை உள்ளே போய்ப் பார்ப்போம். உங்களுக்குத் தசையே வரவில்லை என்பதால் கண்டிப்பாகப் போக வேண்டும்" என்றார். டி1 கட்டியை முழுசாக எடுத்துவிட்டோம் என்று நினைத்தவர்களிலேயே மூன்றில் ஒருவருக்கும் மேல் ஏதாவது மிச்சம் இருக்கிறது. சிலருக்கு அது தசைக்குள்ளேயே இருக்கிறது. அதனால்தான் முதல் அறுவை சிகிச்சை முடிந்து 2 முதல் 6 வாரத்துக்குள் இரண்டாவது முறை செய்கிறார்கள்.

இரண்டாவது முறை தசை கிடைத்தது. அதில் புற்றுநோய் இல்லை. ஆனால் அந்தச் சிவந்த திட்டு சி.ஐ.எஸ். என்று வந்தது. தட்டையாக இருந்தாலும் அது வீரியமானது. விட்டால் உள்ளே இறங்கும். மருத்துவர் இரண்டு வழிகளையும் மறைக்காமல் சொன்னார்: இப்போதே சிறுநீர்ப்பையை எடுத்துவிடுவது ஒன்று, பி.சி.ஜி. சிகிச்சையோடு கறாராகக் கண்காணிப்பது இன்னொன்று. அக்கா இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தாள். பி.சி.ஜி. பலிக்கவில்லை என்றால் எடுத்துவிட வேண்டியதுதான் என்று அவளே டாக்டரிடம் சொன்னாள்.

பி.சி.ஜி.யின் கதை எனக்குப் பெரிய ஆச்சரியம். பல நாடுகளில் குழந்தைகளுக்குக் காசநோயைத் தடுக்கப் போடுகிறார்களே, அதே பி.சி.ஜி.தான். கால்மெட், குவெரின் என்ற இரண்டு பிரெஞ்சு ஆய்வாளர்கள் உருவாக்கி, 1921-இல் முதன்முதலாக மனிதருக்குக் கொடுக்கப்பட்ட, வலுவிழக்கச் செய்த உயிருள்ள நுண்ணுயிர். கனடாவில் ஆல்வரோ மொராலஸ் என்ற மருத்துவர் அதைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்திப் பார்த்து, 1976-இல் முடிவுகளை வெளியிட்டார். உள்ளே போகும் அந்த நுண்ணுயிர் உடலின் எதிர்ப்பு சக்தியை அங்கே வரவழைக்கிறது. வந்த படை புற்றணுக்களையும் சேர்த்துத் தாக்குகிறது. இன்று புற்றுநோய்க்கு இம்யூனோதெரபி என்று பெரிதாகப் பேசுகிறோம். அந்தச் சொல் எங்கும் புழங்குவதற்கு வெகு காலம் முன்பே இது நடைமுறையில் இருந்தது. வீரியம் அதிகமான, தசையைத் தொடாத நோய்க்கு இன்றும் முதல் தேர்வு இதுதான்.

வாரம் ஒரு முறை என்று 6 வாரம் முதல் சுற்று. கதீட்டர் என்ற மெல்லிய குழாய் வழியாக மருந்தை விட்டு, கதீட்டரை எடுத்துவிடுவார்கள். சுமார் 2 மணி நேரம் சிறுநீர் கழிக்காமல் அடக்கி வைத்திருக்க வேண்டும். மருந்தில் உயிருள்ள நுண்ணுயிர் இருப்பதால், முதல் 6 மணி நேரம் உட்கார்ந்துதான் சிறுநீர் கழிக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் கழிப்பறையில் பிளீச் ஊற்றி 15 நிமிடம் விட்டுத்தான் தண்ணீர் விட வேண்டும். அக்கா சமையலறைக் கடிகாரத்தைக் கழட்டிக் குளியலறைக் கதவுக்கு எதிரே மாட்டிவைத்தாள். சிகிச்சை நாள் மாலையில் எரிச்சல், அடிக்கடி போக வேண்டிய அவசரம், லேசான காய்ச்சல், உடல் வலி எல்லாம் வரும். பெரும்பாலும் இரண்டு நாளில் அடங்கிவிடும். காய்ச்சல் 38.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் போய் இறங்காமல் இருந்தால் வீட்டில் காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதல் சுற்றோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். வீரியமான நோய்க்கு அது போதாது. அப்புறம் மூன்று மாதம், ஆறு மாதம் என்று இடைவெளி விட்டு, 3 வாரச் சுற்றுகளாக ஒன்று முதல் மூன்று வருடம் வரை தொடர வேண்டும். உலக அளவில் பி.சி.ஜி.க்குப் பலமுறை தட்டுப்பாடு வந்திருக்கிறது. அதனால் சிகிச்சை தொடங்கும் முன்பே, முழுச் சுற்றுக்கும் மருந்து கிடைக்குமா என்று கேட்டுவிடுவது நல்லது.

தசைக்குள் போன நோயை அக்கா சந்திக்கவில்லை. ஆனால் காத்திருக்கும் அறையில் அப்படிப்பட்டவர்களோடு நிறையப் பேசியிருக்கிறோம். சிறுநீர்ப்பையை எடுத்துவிட்டால் வாழ்க்கை முடிந்தது என்று நினைத்து, ஆபரேஷனையே தள்ளிப்போட்டுவிட்டு வந்தவர்களைப் பார்க்க வேதனையாக இருந்தது. எடுத்துவிட்டும் வாழலாம். குடலின் ஒரு துண்டை வைத்து, வயிற்றில் ஒரு சிறு வாய் அமைத்து, வெளியே ஒட்டும் பையில் சிறுநீர் சேரும்படி செய்வது ஒரு முறை. 1950-இல் பிரிக்கர் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் விவரித்த முறை அது, இன்றும் அதிகம் செய்யப்படுவது. குடலையே பை போலத் தைத்து உள்ளேயே புதுச் சிறுநீர்ப்பையாக வைப்பது இன்னொரு முறை. அது எல்லோருக்கும் பொருந்தாது. ஒரு பெரியவர் பையோடு மூன்று வருடமாக நன்றாக இருப்பதாகச் சொல்லி, சட்டையை லேசாகத் தூக்கி அக்காவுக்குக் காட்டினார். ராத்திரி பெரிய பையோடு இணைத்துவிட்டால் எழுந்திருக்க வேண்டியதே இல்லை என்றார். அந்தப் பத்து நிமிடப் பேச்சு அவளுக்குக் கொடுத்த தைரியத்தை எந்த மருத்துவராலும் கொடுத்திருக்க முடியாது.

எல்லோருக்கும் எடுக்க வேண்டும் என்பதும் இல்லை. பொருத்தமானவர்களுக்கு, கட்டியை முடிந்தவரை சுரண்டி எடுத்துவிட்டு, கதிர்வீச்சையும் கீமோவையும் சேர்த்துக் கொடுத்து சிறுநீர்ப்பையைக் காப்பாற்றும் வழியும் இருக்கிறது. எடுப்பதாக இருந்தாலும், சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறவர்களுக்கு முதலில் சிஸ்பிளாட்டின் சேர்ந்த கீமோ கொடுத்துவிட்டு எடுப்பது ஆயுளைக் கூட்டுகிறது. இவற்றையெல்லாம் சொல்லாமல் நேரே ஆபரேஷன் தேதி மட்டும் கொடுத்தால், ஏன் என்று கேளுங்கள். பரவிவிட்ட நோய்க்குக்கூட நிலைமை மாறியிருக்கிறது. 2023-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், என்ஃபோர்டுமாப் வெடோட்டின், பெம்ப்ரோலிசுமாப் என்ற இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தபோது, பழைய கீமோவில் 16 மாதமாக இருந்த இடைநிலை ஆயுள் (பாதிப் பேராவது உயிரோடிருக்கும் காலம்) 31 மாதத்தைத் தாண்டியது. பல வருடங்களாகப் பெரிய மாற்றமே இல்லாதிருந்த ஒரு நோயில் நடந்த விஷயம் இது.

அக்கா புகைத்ததே இல்லை. "அப்புறம் எனக்கு ஏன்?" என்று கேட்டாள். பதில் கிடைக்கவில்லை. பலருக்குக் கிடைப்பதில்லை. ஆனால் உலகில் இந்த நோய் வருகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் புகைதான் காரணம். நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலக்கும் நச்சை, சிறுநீரகம் வடிகட்டிச் சிறுநீர்ப்பைக்கு அனுப்புகிறது. அது மணிக்கணக்கில் அந்த உள்தோலைத் தொட்டுக்கொண்டு கிடக்கிறது. சாயத் தொழிலும் அப்படித்தான். 1895-லேயே லுட்விக் ரேன் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர், சாயத் தொழிற்சாலைத் தொழிலாளிகளுக்குச் சிறுநீர்ப்பைக் கட்டி வருவதை எடுத்துச் சொன்னார். சாயம், ரப்பர், தோல், பெயின்ட் வேலைகளில் இருந்தவர்கள், வேலையை விட்டு இருபது முப்பது வருடம் ஆகியிருந்தாலும், அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். புகைப்பவர்கள் நோய் வந்த பிறகு நிறுத்தினாலும் பலன் உண்டு. ஆனால் நோயாளியின் முகத்துக்கு நேராக "நீ குடிச்ச சிகரெட்தான்" என்று சொல்கிற உறவினர்களே, தயவுசெய்து அதைச் சொல்லாதீர்கள்.

இந்த நோய் திரும்பி வருவதில் பேர்போனது. அதனால் சிகிச்சை முடிந்தாலும் சிஸ்டோஸ்கோபி முடிவதில்லை. வீரியமான வகைக்கு முதல் இரண்டு வருடம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பிறகு ஐந்து வருடம் வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை, அப்புறம் வருடத்துக்கு ஒரு முறை. தேதி நெருங்கினால் அக்கா பேச்சைக் குறைத்துக்கொள்வாள். வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். அந்த வாரம் அவளிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. நன்றாகத்தான் இருக்கிறோமே என்று ஒரு தடவையைத் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. நன்றாக இருப்பதாகத் தோன்றுவதை இந்த நோயில் நம்ப முடியாது.

நிபுணரைப் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு, கையில் என்ன வேண்டும் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் குறிப்பின் நகல் வேண்டும். எத்தனை கட்டி, எவ்வளவு பெரிது, எங்கே இருந்தது என்பது அதில்தான் இருக்கும். பயாப்ஸி ரிப்போர்ட்டோடு, ஸ்லைடுகளும், எடுத்த திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கும் வேண்டும். சி.டி.யின் ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, படங்கள் உள்ள டிஸ்க் வேண்டும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் உட்பட அண்மையில் எடுத்த ரத்தப் பரிசோதனைகள், சாப்பிடும் மருந்துகளின் பட்டியல். போய் உட்கார்ந்ததும் கேளுங்கள்: எடுத்த திசுவில் தசை இருந்ததா? வீரியம் அதிகமா, குறைவா? சி.ஐ.எஸ். இருக்கிறதா? இன்னொரு முறை உள்ளே போய்ப் பார்க்க வேண்டுமா? பதில்களை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள், கூட வந்தவரிடம் எழுதச் சொன்னாலும் சரி. ஸ்லைடும் பிளாக்கும் முதல் மருத்துவமனையின் பேத்தாலஜி பிரிவில்தான் இருக்கும். கடிதம் கொடுத்துக் கேட்டால் எடுத்துத் தருவார்கள், ஆனால் ஓரிரு நாள் ஆகலாம். அதனால் நிபுணரிடம் நேரம் வாங்குகிற அன்றைக்கே அதற்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.